நகாரிக்கு எந்த ஒலிவாங்கி?

நஞ்சன்கூட்டு வட்டாரத்துத் தோற்கருவிகளை ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்தும் திட்டமொன்றின் கொள்முதல் பட்டியலை அண்மையில் காண நேர்ந்தது. முயற்சி பாராட்டத்தக்கது, ஈடுபட்டோர் அக்கறை மிக்கோர். ஆகையால் நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. அப்பட்டியலில் நகாரி, உறுமி, கரடெ ஆகிய மூன்றிற்கும் பொதுவாக ஒரே வரிதான் இருந்தது: "கிக் டிரம் மைக், நான்கு." தாழ்ந்த ஒலியுடைய கருவிக்குத் தாழ்ந்த ஒலிக்கென்றே செய்யப்பட்ட ஒலிவாங்கியை வாங்கலாம் என்பது எவருக்கும் எளிதில் தோன்றும் முடிவு. கடைக்காரரைக் கேட்டாலும் அதையே எடுத்துத் தருவார். ஆவணப் பதிவைப் பொறுத்தவரை அது தவறான முடிவு என்பது என் துணிபு. இருபது ஆண்டுகள் கழித்து அப்பதிவைக் கேட்போர் நகாரி என்றால் இன்னதென்று எதை நம்புவர் என்பது அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. சற்று நீண்ட பதிவு. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். நகாரி, அரைக்கோள வடிவான உடலின்மேல் ஒரே ஒரு தோல்முகம் இழுத்துக் கட்டப்பட்டு, இரு குச்சிகளால் அறையப்படும் பெருமுழவு. நம் கோயில்களின் நகராவுக்கு உறவு. கோவைப் பக்கத்துத் துடும்பைக் கேட்டவர்க்கு அதன் ஒலி அயலாகத் தோன்றாது. பழைய மைசூர்ச் சீமையின் ஊர்த் திருவிழாக்களில் தமட்டெயும் நகாரியும் இணைந்தே ஒலிக்கும். தமட்டெ நம் பறையின் உடன்பிறப்பு. நந்தித்துவச ஆட்டத்தோடு கரடெயும் சமாளெயும் வரும். மலை மாதேசுவரன் அடியார்களின் கம்சாளெ வெண்கலத் தாளமாதலால் இப்பேச்சில் சேராது. நகாரியை அருகில் நின்று கேட்டவர் முதலில் நெஞ்சில் ஓர் இடியையும், அதன்பின் காதில் ஒரு முனகலையும் உணர்ந்திருப்பார். இடி ஒரு கணம். முனகலோ அடுத்த அடி விழும்வரை தோலில் உலவிக்கொண்டிருக்கும். கிக் டிரம் மைக் இடியை மிகைப்படுத்தும், முனகலைத் தேய்த்துவிடும்.

ஏன் அவ்வாறு செய்கிறது என்பதை அறிய, அது யாருக்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். மின்னாற்றலின்றிக் கூம்பு வழியாக மெழுகில் ஒலி பொறித்த காலத்தில் பெருமுரசு பதிவாளர்களுக்குப் பகை. அதன் அதிர்வில் முள் தடம் மாறித் தட்டு கெட்டுவிடும் என்பதனால் அதைத் தொலைவில் நிறுத்தினர், அல்லது மரக்கட்டையைத் தட்டச் சொல்லி ஒப்பேற்றினர். 1925இல் மின்முறைப் பதிவு வணிகத்திற்கு வந்தபின்னரே தாழொலிக்கு வழி திறந்தது. ஆஸ்திரியாவின் ஏகேஜி நிறுவனம் 1953இல் வெளியிட்ட டி12 என்னும் ஒலிவாங்கி பின்னாளில் பெருமுரசுக்குப் பேர்போனது. 1966இல் இலண்டன் ஆபி ரோடு அரங்கில் பீட்டில்ஸ் குழுவின் பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக், அரங்கின் விதியை மீறி, ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்முக்குச் சில அங்குலத் தொலைவிலேயே ஏகேஜி டி20ஐ வைத்தார். முழவின் உள்ளே ஒரு கம்பளிச் சட்டையையும் திணித்தார். அவ்வளவு அருகில் வைத்தால் காற்றின் தாக்குதலில் கருவி பழுதாகும் என்பது நிறுவனத்தின் அச்சம். விளைந்த ஒலியோ கனத்து, குறுகி, உடனே அடங்கியது. அந்தச் சுவை பரவிற்று. சுவையே பின்னர் இலக்கணமாயிற்று.

அதன்பின் அச்சுவைக்கென்றே கருவிகள் வடிக்கப்பட்டன. 1980களில் வந்த ஏகேஜி டி112, ஷூர் நிறுவனத்தின் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 ஆகியன இன்றும் எந்த மேடையிலும் காணக் கிடைப்பவை. இவை நல்ல கருவிகள், ஐயமில்லை. பீட்டா 52ஏ 174 டெசிபல் வரை தாங்கும் என்று அதன் விவரக் குறிப்பே சொல்கிறது. ஆனால் இவற்றின் செவி நேர்மையான செவியன்று, அவ்வாறு இருக்கும்படி இவை செய்யப்படவும் இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழொலியை உயர்த்திக் காட்டும். குச்சியின் தட்டு தெரிவதற்காக 4000 ஹெர்ட்ஸை ஒட்டி மீண்டும் உயர்த்தும். இடைப்பட்ட நடுப்பகுதியைப் பள்ளமாக்கும். ராக் இசையில் நடுப்பகுதியில் கிட்டாரும் குரலும் அமர வேண்டும். அங்கே முழவு இருந்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலிருக்கிறது என்று பொறியாளர்கள் முகம் சுளிப்பர். உள்ளே போர்வை திணித்து, முன்தோலில் துளையிட்டு, காலால் மிதித்து ஒரே வகை அடியை மட்டும் எழுப்பும் முழவுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் பொருந்தும்.

நகாரியில் போர்வை இல்லை. கால்மிதி இல்லை. அடி ஒரே வகையும் அன்று. தோலின் நடுவே விழும் அடி, விளிம்பில் விழும் அடி, ஒரு குச்சியைத் தோலில் அழுத்தி வைத்து மறு குச்சியால் அறையும் அடி என அதன் சொற்கள் பல. இச்சொற்களின் வேறுபாடு எந்த அதிர்வெண்ணில் வாழ்கிறது என்பதே கேள்வி.

விறைப்பாக இழுத்த வட்டத் தோல் அதிரும்போது எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை. அடிப்படை அதிர்வை 1 எனக் கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். கலம் போன்ற உடலும் அதனுள் அடைபட்ட காற்றும் இவ்விகிதங்களைச் சற்றே இழுத்து ஒழுங்குபடுத்துகின்றன என்பதைக் கெட்டில் டிரம்மை முன்வைத்து ரேலி பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே சாந்து பூசுவதனால் மேலொலிகள் இசைவுறுகின்றன என்று சர் சி. வி. இராமன் 1920இல் எழுதினார். 1930களில் விரிவான கட்டுரையாகவும் தந்தார். நகாரியின் அடிப்படை 90 ஹெர்ட்ஸ் என ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். வெற்றுத் தோலின் விகிதப்படி அடுத்தடுத்த அதிர்வுகள் 143, 193, 207 என்று எழும்பி, 500, 600 வரை நெருங்கி நிற்கும். நடுவில் அடித்தால் இவற்றுள் சில ஓங்கும், விளிம்பில் அடித்தால் வேறு சில ஓங்கும். ஆகவே ஓர் அடியை மற்றோர் அடியிலிருந்து பிரித்துக் காட்டும் செய்தி பெரும்பாலும் இந்த நடுப்பகுதியிலேயே இருக்கிறது. கிக் டிரம் மைக் பள்ளம் தோண்டும் இடமும் அதுவே.

இங்கே தமிழ் மாணவன் என்ற முறையில் ஓர் இடைப்பிறவரல். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை நீண்ட பட்டியலாகத் தருகிறார்; அவற்றுள் கரடிகை என்பதும் ஒன்று. கரடி கத்துவது போன்ற ஓசையுடைமையால் அப்பெயர் பெற்றது என்று காரணமும் காட்டுகிறார். நந்தித்துவசத்தோடு இன்றும் முழங்கும் கரடெயும் அவர் கண்ட கரடிகையும் ஒரே கருவிதானா என்று நான் வழக்காட வரவில்லை. பெயரின் உறவு வெளிப்படை. நான் கவனிக்க விழைவது வேறொன்று. அக்கருவிக்குப் பெயர் வைத்தவன் அதன் அளவைக் கொண்டு வைக்கவில்லை, எவ்வளவு தாழ்ந்து ஒலிக்கிறது என்பதைக் கொண்டும் வைக்கவில்லை. உறுமலின் தன்மையைக் கொண்டு வைத்தான். உறுமி என்னும் பெயரும் அத்தகையதே. அந்த உறுமல் குடியிருக்கும் இடத்தைக் குடைந்தெடுத்துவிட்டுக் கரடெயைப் பதிவு செய்தோம் என்றால், பெயர் ஒன்றாகவும் ஒலி வேறாகவும் ஆவணத்தில் நிற்கும்.

அடியார்க்குநல்லாரிடம் இன்னொன்றும் உண்டு. அவர் முழவுகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்றெல்லாம் வகுத்து, உத்தமம், மத்திமம், அதமம் எனத் தரமும் இடுகிறார். அத்தரவரிசையின் நிழல் இன்னும் நீங்கவில்லை. மிருதங்கத்தைப் பதிவு செய்யும்போது வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று ஒலிவாங்கிகளைத் தேர்ந்து, சாந்தின் இழைவுகூடக் கேட்க வேண்டும் என்று அரைநாள் செலவிடுகிறோம். பறையோ நகாரியோ வந்தால் "சத்தம் தாங்குகிற மைக் எது?" என்பதே முதற் கேள்வியாகிறது. இக்கருவிகளை வாசிக்கும் சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பழிச்சொல் "வெறும் இரைச்சல்" என்பது. சுருதி இல்லை, சொல் இல்லை, அதிர்ச்சி மட்டுமே உண்டு என்னும் அத்தீர்ப்பை, நடுப்பகுதி வெட்டப்பட்ட ஒரு பதிவு அறிவியல் சான்று போல உறுதிப்படுத்திவிடும். பிற்கால மாணவர் அப்பதிவின் அலைநிரலை வரைந்து பார்த்து, இக்கருவியில் தாழொலியும் தட்டொலியும் தவிர வேறில்லை என்று நேர்மையாகவே எழுதுவார். ஒலிவாங்கியின் குணத்தைக் கருவியின் குணமாக எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது.

காலமும் நெருக்குகிறது. தோலின் இடத்தில் ஃபைபர் முகங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. தவிலிலும் பறையிலும் கண்கூடாகக் காண்கிறோம். கலைஞர்களைக் குறை சொல்வதற்கில்லை. மழையில் தளராத, தீயில் காய்ச்ச வேண்டாத முகம் அவர்களுடைய உழைப்பைக் குறைக்கிறது. தோலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் தோலுக்கும் ஃபைபருக்கும் உள்ள வேறுபாடு ஒலி அடங்கும் விதத்தில், அதாவது அந்த நடுப்பகுதி முனகலில்தான் மிகத் தெளிவாகக் கேட்கிறது. அதை மங்கலாக்கும் ஒலிவாங்கியால் இரண்டையும் பதிவு செய்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். தோல் நகாரியின் கடைசித் தலைமுறைப் பதிவாக அமையக்கூடிய ஒன்றை இப்படிச் செய்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு ஒலித்துறை நண்பர்கள் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும்: பின்னர் ஈக்வலைசர் கொண்டு சரிசெய்துகொள்ளலாம் அல்லவா? கோட்பாட்டளவில் ஓரளவு உண்மை. ஒலிவாங்கியின் வளைகோடு தெரிந்தால் அதற்கு எதிர்வளைவு இட்டு நிமிர்த்தலாம். ஆனால் கிக் டிரம் மைக்குகள் திசைநோக்கு உடையவை. திசைநோக்கு உடைய எந்த ஒலிவாங்கியும் மூலத்தை நெருங்க நெருங்கத் தாழொலியைக் கூட்டிக்காட்டும். 5 சென்டிமீட்டரில் ஒரு வளைகோடு, 30 சென்டிமீட்டரில் வேறொரு வளைகோடு. நகாரிக்காரர் அசைந்தாடி வாசிப்பவர். பதிவிலோ தொலைவை எவரும் குறித்து வைப்பதில்லை. எதை நிமிர்த்துவது?

மேடைக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்லாயிரவர் கூடும் கலைவிழாவில், பக்கத்தில் பத்துப் பறைகள் முழங்க, பெருக்கிகள் எதிரொலிக்க, பெரும்பறைக்கு ஒரு பீட்டா 52ஏ வைப்பவர் தம் தொழிலைத் தெரிந்தவர். திரையிசையில் நகாரியை இடியாக மட்டும் கேட்க விரும்பும் இசையமைப்பாளருக்கும் அது சரியான தேர்வு. அவருக்கு வேண்டியது ஒரு நிறம். நமக்கு வேண்டியது ஓர் ஆவணம்.

அப்படியெனில் எதை வாங்குவது? என் விடை: எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஏற்கும், வளைகோடு நேராக உள்ள அழுத்த வகை ஒலிவாங்கி. இவ்வகைக்கு அருகமைத் தாழொலிப் பெருக்கம் கிடையாது. காற்றின் தொல்லையும் திசைநோக்கு வகையைவிடக் குறைவு. பணமிருந்தால் டென்மார்க்கின் டிபிஏ 4006 போன்றவை உண்டு. பணமில்லை என்றால், அரங்குகளின் ஒலியை அளப்பதற்கென விற்கப்படும் மெல்லிய ஒலிவாங்கிகள் உண்டு. பெரிங்கர் ஈசிஎம் 8000 அவ்வகை. பட்டியலில் எழுதப்பட்டிருந்த கிக் டிரம் மைக்குகளைவிட இது விலை குறைவு. இத்தகைய மலிவுக் கருவிகளில் உள்ளிரைச்சல் சற்று மிகுதி என்பார்கள். வீணைக்கு அது குறை, நகாரிக்கு முன்னால் அக்குறை காதில் விழவே விழாது. பார்க்க வேண்டிய எண் மற்றொன்று: தாங்கும் ஒலியழுத்தம். தோலை ஒட்டி வைத்தால் உச்ச அழுத்தம் 130 டெசிபலைத் தாண்டக்கூடும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும் ஆதலால், ஒரு மீட்டர் தள்ளி வைப்பது கருவிக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர், தோலிலிருந்து நான்கு விரற்கடையில் கேட்பது தோலின் ஒரு மூலையைத்தான், நகாரியை அன்று.

குச்சியின் தட்டும் வேண்டுமென்றால் விளிம்புக்கருகே இரண்டாவது ஒலிவாங்கியை வைக்கலாம். ஆனால் இரண்டையும் அங்கேயே கலந்து ஒரே தடமாக்கிவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் வேறுபாடு என்றால் ஒலி சுமார் 3 மில்லிநொடி பிந்தி வரும். கலக்கும்போது 170 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி ஒன்றையொன்று தின்று மெலியும். நாம் காப்பாற்றப் புறப்பட்ட பகுதி அது. தனித்தனித் தடங்களாகவே இருக்கட்டும். பதிவுக்கருவியில் தாழொலி வெட்டியையும் தானியங்கி ஒலியளவையும் முதலில் அணைத்துவிட வேண்டும். கைபேசியில் எடுக்கும் பதிவுகளில் அடி விழுந்தவுடன் ஒலி அமுங்கிப் பின் வீங்குவது இவற்றால்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்பது பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் வகுத்த குறைந்தபட்சம். 96 வைத்தால் நல்லது.

எல்லாத் திசையையும் கேட்கும் கருவி பட்டாசையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே கேட்கும் என்பது மெய்யான சிக்கல். பங்குனியில் நஞ்சுண்டேசுவரரின் ஐந்து தேர்களும் ஓடும் பெரிய ஜாத்திரையின் நடுவே நின்று இத்தகைய பதிவை எடுக்க இயலாது. ஜாத்திரையில் எடுப்பது ஜாத்திரையின் ஆவணம், அதுவும் வேண்டும். கருவியின் ஆவணத்திற்கு வேறொரு நாள், கபிலைக் கரையிலிருந்து சற்று விலகிய ஒரு களத்துமேடு, விடியற்காலை, நான்கு பக்கமும் சுவரில்லாத வெளி ஆகியன போதும். அந்த நாளுக்குக் கலைஞர்களுக்கு முழுக் கூலி தர வேண்டும். இதைப் பட்டியலில் ஒலிவாங்கிக்கு முந்தைய வரியாக எழுதலாம். விழாவோடு விழாவாக இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே கூட்டத்தைச் சமாளிக்கும் ஒலிவாங்கியைத் தேடவைக்கிறது. கூட்டத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், நெருக்கத்தில் தாழொலி வீங்காதபடி அமைக்கப்பட்ட எலெக்ட்ரோ வாய்ஸ் ஆர்இ20 ஓரளவு நடுநிலையான மாற்று. 1968இலிருந்து வழக்கிலுள்ள கருவி.

உறுமிக்குத் தனிச் சொல். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுமுகத்தை அடிக்கிறார்கள். தேய்ப்பின் ஒலி அடியினின்று முற்றிலும் வேறான இயல்புடையது. குச்சி தோலைப் பற்றியும் நழுவியும் செல்வதால் எழும் தொடர் உறுமல். இதற்குக் கிக் டிரம் மைக் எழுதியவர் உறுமியின் ஒரு பக்கத்தை மட்டும் நினைத்திருக்கிறார். இரு முகங்களுக்கும் இரு ஒலிவாங்கிகள், இரண்டும் ஒரே வகை, ஒரே தொலைவு.

ஒலிவாங்கியை எங்கே நிறுத்துவது என்பதை வாசிப்பவரிடமே கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தோலைத் தீயில் காய்ச்சும்போது பதம் வந்துவிட்டதை அவர் எங்கே குனிந்து, எந்தக் காதால் கேட்கிறார் என்று கவனியுங்கள். என் களப்பணியில் நான் முதலில் குறித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். பதிவானபின் காதொலிப்பானை அவரிடம் தந்து, இது உங்கள் நகாரியா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் ஒலிவாங்கியை நகர்த்த வேண்டும்.

ஒவ்வொரு பதிவோடும் ஓர் அட்டை சேர வேண்டும்: எந்த விலங்கின் தோல் அல்லது ஃபைபர், முகத்தின் குறுக்களவு, காய்ச்சி எவ்வளவு நேரமாயிற்று, அன்றைய ஈரப்பதம், ஒலிவாங்கியின் பெயரும் தொலைவும் சென்டிமீட்டரில், வாசித்தவர் இசைந்தால் அவருடைய பெயர். "கலைக்குழுவினர்" என்று மட்டும் எழுதப்பட்ட பழைய உறைகளைக் காப்பகங்களில் கண்டு சலித்தவன் என்பதால் கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன்.

கொள்முதல் ஆணை இன்னும் போகவில்லை என்று அறிகிறேன். நான்கு கிக் டிரம் மைக்குகளுக்கான தொகையில் நான்கு அளவீட்டு ஒலிவாங்கிகளும், அவற்றுக்குக் காற்றுத் தடுப்பு உறைகளும், உயரமான தாங்கிகளும் வாங்கலாம், மீதியும் இருக்கும். மீதியைக் களத்துமேட்டு நாளின் கூலியில் சேர்த்துக்கொள்ளலாம். உறை மயிர்த்துணியாலானதாக இருக்கட்டும். நுரைப்பஞ்சு உறை ஆற்றங்கரைக் காற்றுக்குப் போதாது.